ஒரு கொத்தனாரின் கைகள்: சிமெண்டு, குரோமியம், ஆறாத கரப்பான்

இதில் வருபவரின் பெயரும் ஊரும் இல்லை. அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். வட தமிழகத்தின் ஒரு தாலுகா ஊரில் தோல் மருத்துவராக இருக்கிறேன். இந்த நோயாளியிடம் நான் செய்த தவறுகளும் இதில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் யாருக்கும் பயன்படாது.

பின்னணி

முதலில் என்னிடம் வந்தபோது அவருக்கு வயது 44. பதினேழு வயதில் கலவை சுமக்கப் போனவர், ஐந்தாறு ஆண்டில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிட்டார். பூச்சு வேலையில் கெட்டிக்காரர். சாந்தை அடித்து, மட்டப்பலகை இழுத்து, மணியாசு தேய்த்து, கடைசியில் நனைத்த பஞ்சால் சுவரை வழவழப்பாக்குவதுவரை எல்லாம் வெறுங்கையில்தான். ஒரு நாளில் ஆறு ஏழு மணி நேரம் ஈரச் சிமெண்டில் கை கிடக்கும்.

ஏறத்தாழ 25 ஆண்டு எந்தத் தொந்தரவும் இல்லை. 2015 வாக்கில் வலது கை விரலிடுக்குகள் காய்ந்து வெடிக்கத் தொடங்கின. கொத்தனார்களுக்கு இது புதிதில்லை. “சிமெண்டு தின்னுடுச்சு” என்பார்கள், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். அவரும் அப்படித்தான் போனார். அடுத்த ஆண்டு அரிப்பு தொடங்கி, புறங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஏறியது. இரவில் தூக்கம் போயிற்று.

மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்த வகை. தடவினால் ஒரு வாரம் அடங்கும், விட்டால் முன்னைவிட மோசமாகும். பக்கத்து ஊரில் ஒருவர் மாதம் ஒரு ஊசி போட்டார். வீட்டில் கரப்பான் என்று முடிவுகட்டி, கத்திரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள். அவருக்கென்று இரண்டு ஆண்டு தனிச் சமையல் நடந்திருக்கிறது. நோய்க்குக் காரணம் தட்டில் இருக்கிறது என்று அந்த வீடு முழுதாக நம்பியது. கையில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் உடனே சொல்லிவிடவில்லை.

முதல் வருகை: ஜூன் 2017

இரண்டு கைகளிலும் தோல் தடித்துக் கறுத்து, கோடுகள் ஆழமாகி, யானைத் தோல்போல் இருந்தது. விரல் மூட்டுகளில் இரத்தம் கசியும் வெடிப்புகள். முன்கையின் பாதிவரை சிறு கொப்புளங்களும் சொறிந்த தடங்களும். நகங்களில் குறுக்கு வரிகள். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். பூஞ்சை இல்லை.

என்ன வேலை என்று கேட்டேன். “கட்டட வேலைங்க” என்றார். சீட்டில் ‘கூலி’ என்று எழுதினேன். அந்த ஒரு சொல் எத்தனை மாதத்தை விழுங்கியது என்பது பிறகுதான் புரிந்தது. கட்டட வேலை என்றால் கம்பி கட்டுவதா, சென்ட்ரிங்கா, பூச்சா, பெயின்டா என்று அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது காரணம்தான், நியாயம் ஆகாது.

சிமெண்டின் காரத்தால் வந்த எரிச்சல் எக்சிமா (தோல் அழற்சி) என்று நினைத்தேன். நனைந்த சிமெண்டின் காரத்தன்மை 12க்கும் மேல். யார் தோலையும் அது அரிக்கும். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, வாசலின், பிறகு “கையுறை போட்டுக்கோங்க, காலையும் மூடிக்கோங்க” என்று இரண்டு அறிவுரைகள். எந்தக் கையுறை, எதனால் செய்த செருப்பு என்று சொல்லவில்லை.

கால்களில் தொடங்கியது

நான் சொன்னதை அவர் அக்கறையாகச் செய்தார். ஆம்பூர் போகும் வழியில் கனமான தோல் கையுறை ஒரு ஜோடியும், அகல வார் வைத்த தோல் செருப்பும் வாங்கினார். அதுவரை ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். ஈரக் கலவையில் தோல் கையுறை ஊறிப்போகும் என்பதால், செங்கல் இறக்கவும் மூட்டை தூக்கவும் மட்டும் அதை வைத்துக்கொண்டார். பூச்சு வேலையை வெறுங்கையில்தான் செய்தார்.

நவம்பரில் வந்தபோது கை கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனால் இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் புதிதாகப் படை. விரலிடுக்குகள் சுத்தமாக இருந்தன. சுரண்டிப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. இருந்தும், மழைக்காலம், சேற்றில் நிற்பவர் என்று பூஞ்சை மாத்திரை நான்கு வாரத்துக்கு எழுதினேன். பூஞ்சை இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும் எழுதியது தவறு. அந்தப் படை செருப்பு வாரின் வடிவத்தில் இருந்தது. கண்ணால் பார்த்தேன், மனதில் பதியவில்லை.

டிசம்பரில் கை மறுபடி வெடித்து, சீழ் பிடித்து வந்தார். கூட வந்த மனைவிதான் சொன்னார்: “வேலைக்குப் போகாத நாள்ல இவருக்கு நல்லா இருக்குங்க. போன தீபாவளிக்குப் பத்து நாள் வீட்டுல இருந்தாரு, பாதி ஆறிப்போச்சு. கரண்டிய எடுத்த மறுநாளே வந்துடுச்சு.” இரண்டு ஆண்டில் ஒரு மருத்துவரும் கேட்காத கேள்விக்கு அந்த அம்மா தானாகப் பதில் சொன்னார்.

வெறும் எரிச்சல் எக்சிமா என்றால் இத்தனை ஆண்டு தாங்கிய தோல் ஏன் திடீரென்று மாற வேண்டும்? சிமெண்டு அதிகம் படாத முழங்கை மடிப்புக்கு ஏன் பரவ வேண்டும்? ஒவ்வாமை என்று அப்போதுதான் சந்தேகப்பட்டேன்.

பேட்ச் டெஸ்ட்: ஜனவரி 2018

1895இல் யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியத் தொடங்கிவைத்த முறை இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு ஒரு முறையும், 96 மணி நேரத்தில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். அந்த நாள்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊரில் இதைச் செய்ய முடியாது, ஒட்டு நழுவிவிடும். அதோடு ஐந்து நாள் கூலி போகும். அதனால், சோதனை முடிவை மறைத்துவிடக் கூடாது என்று மார்கழி முழுக்க ஊசி வேண்டாம் எனச் சொல்லி, பொங்கல் கழிந்து வேலை குறைந்திருந்த வாரத்தில் திங்கட்கிழமை ஒட்டினேன்.

புதன்கிழமை, குரோமியம் சேர்மமான பொட்டாசியம் டைகுரோமேட் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன: மூன்று கூட்டல் குறி, அதாவது மிக வலுவான எதிர்வினை. கோபால்ட் குளோரைடுக்கு இரண்டு கூட்டல். நிக்கலுக்கு இல்லை, ரப்பர் கலவைகளுக்கும் இல்லை. ரப்பர் இல்லை என்றது பெரிய நிம்மதி. அதுவும் இருந்திருந்தால் கைக்கு என்ன மாட்டுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதே கடினமாகியிருக்கும்.

கண்ணாடியில் முதுகைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப கத்திரிக்காய் இல்லீங்களா?” என்று கேட்டார்.

சிமெண்டுக்குள் குரோமியம்

சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் குரோமியம் இயல்பாகவே சிறிதளவு உண்டு. அங்கே அது மூன்று இணைதிறன் நிலையில், நீரில் எளிதில் கரையாமல் கிடக்கிறது. சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வேகும்போது ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமேட்டாக மாறுகிறது. சூளையின் உட்புறச் செங்கற்களிலிருந்தும், அரைக்கும் உருண்டைகளிலிருந்தும் இன்னும் கொஞ்சம் சேரலாம். குரோமேட் நீரில் கரையும், தோலைத் தாண்டி உள்ளே போகும். போனபின் மூன்று இணைதிறனுக்கு இறங்கி, தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டைத்தான் உடல் அந்நியம் என்று அடையாளம் வைக்கிறது. காரத்தால் ஏற்கெனவே அரிக்கப்பட்ட தோலில் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கும். கோபால்ட் ஒவ்வாமை பெரும்பாலும் இதன் பின்னால் கூடவே வருகிறது.

எத்தனையோ ஆண்டு ஒன்றுமில்லாமல் இருந்து பிறகு வருவதும் இதனால்தான். அடையாளம் வைக்கப்படும் நாள் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வைத்துவிட்டால் அழிவது அரிது.

எங்கள் பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு ஆசிரியர் உதவினார். நோயாளி கொண்டுவந்த சிமெண்டைத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, அமிலம் சேர்த்து, டைபினைல் கார்பசைடு விட்டால் குரோமேட் இருக்குமிடத்தில் செந்நீலம் தெரியும். தெரிந்தது. இன்னொரு குடுவையில் முன்கூட்டியே பெரஸ் சல்பேட் கலந்து செய்தார். அதில் நிறம் வரவில்லை.

பெரஸ் சல்பேட் என்றால் நம் நாட்டு மருந்துக்கடையின் அன்னபேதி. டென்மார்க்கில் 1980களின் தொடக்கத்திலேயே இதை நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகச் சிமெண்டில் கலந்து, குரோமேட்டை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டார்கள். அதன் பின் அங்கே கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமேட் ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. 2005 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், தண்ணீர் சேர்த்த சிமெண்டில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அன்னபேதி ஈரத்தில் வீணாகும் என்பதால் எவ்வளவு காலம் அது பலன் தரும் என்பதையும் மூட்டையில் அச்சிட வேண்டும். நம் ஊர் மூட்டைகளில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. இத்தனை மலிவான மருந்து தெரிந்திருந்தும் நம் கொத்தனார்களின் கை வேகிறதே என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

“நாங்களே கலவையில போட்டுக்கலாமா?” என்று அவருடைய மேஸ்திரி கேட்டார். வேண்டாம் என்றேன். ஆலையில் அளந்து, அரைத்துக் கலப்பதும் தாச்சட்டியில் ஒரு கைப்பிடி போடுவதும் ஒன்றாகாது. கலந்துவிட்டோம் என்ற தைரியத்தில் வெறுங்கையை விடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

எடுத்த முடிவுகள்

புத்தகப்படி சொல்ல வேண்டியது ஒரே வரி: சிமெண்டை விட்டுவிடுங்கள். மூத்த மகள் நர்சிங் படிக்க, இளையவள் பத்தாவது, வீட்டுக்கடன் ஓட, அந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை. மருத்துவமாகப் பார்த்தாலும் ஒரு தயக்கம் இருந்தது. குரோமேட் ஒவ்வாமை வந்தவர்களில் பலருக்கு வேலையை விட்ட பிறகும் நோய் தொடர்கிறது. தொழிலையும் இழந்து நோயும் போகாமல் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்வது?

மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஆறு வாரம் முழு ஓய்வு. குறுகிய காலம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது. இரவில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு இரண்டு வாரம், பிறகு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. நாளுக்கு ஐந்தாறு முறை வாசலின். சாப்பாட்டுப் பத்தியம் அன்றோடு நிறுத்தம். பிறகு, உள்ளே பருத்தி, மேலே முழங்கைவரை நீளும் பிவிசி (பிளாஸ்டிக்) கையுறையோடு வேலைக்குத் திரும்பிப் பார்ப்பது.

ஆறு வாரத்தில் கை பெருமளவு ஆறியது. கையுறைத் திட்டம் ஏழு வாரத்தில் உடைந்தது. “கரண்டி கையில நிக்க மாட்டேங்குது டாக்டரம்மா. சாந்து எவ்வளவு பிடிச்சிருக்குன்னு கைக்குத் தெரியணும்” என்றார். மேல் சுவர் பூசும்போது சிமெண்டுப் பால் முழங்கை வழியாக உள்ளே ஒழுகியது. உள்ளே போன சிமெண்டு, வியர்வையோடு மூடிய கையுறைக்குள் மாலைவரை கிடந்தது. வெறுங்கையைவிட அது மோசம். சித்திரையில் கை பழைய நிலைக்குப் போயிற்று.

அடுத்த முடிவை அவரே எடுத்தார். தம்பி முறையில் ஒருவரோடு சேர்ந்து சிறு ஒப்பந்தங்கள் எடுத்து, தான் அளவு, மட்டம், ஆள் மேற்பார்வை பார்ப்பது, பூச்சைத் தம்பி செய்வது. முதல் ஆண்டு வருமானம் நன்றாகவே குறைந்தது. கை மெல்ல மெல்லத் தெளிந்தது, முழுதாக இல்லை. பாதம் மட்டும் அசையவே இல்லை.

செருப்பு

நவம்பர் 2018. நல்ல மழை. வாசலில் கழற்றிவிட்ட அவருடைய செருப்பு ஊறிப்போய்க் கிடந்தது. உள்ளே வந்தவரின் பாதத்தில் அந்த அகல வாரின் அச்சு அப்படியே சிவந்து இருந்தது. ஒரு ஆண்டு முன் பார்த்த அதே வடிவம். இப்போதுதான் உறைத்தது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத் தோல் ஆலைகளில் பெரும்பாலும் குரோமியம் சல்பேட்டால்தான் தோல் பதனிடுகிறார்கள். அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அதில் ஒரு சிறு பகுதி நாள்பட ஆறு இணைதிறனாக மாறலாம். வியர்வையும் மழையும் அதைக் கரைத்து அணிபவரின் தோலுக்குக் கொண்டுவரும். தோல் பொருள்களில் இதன் அளவுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் வரம்பு வைத்திருக்கிறது. இந்த ஆலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, பேட்ச் டெஸ்டில் குரோமியம் என்று கண்டபிறகும் பத்து மாதம் அவர் காலில் என்ன போடுகிறார் என்று கேட்காமல் இருந்திருக்கிறேன். சிமெண்டு என்ற பதில் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

வாரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, உப்பு நீரில் நனைத்து முதுகில் ஒட்டினோம். 96 மணி நேரத்தில் தெளிவான சிவப்பு. தோல் செருப்பும் தோல் கையுறையும் அன்றோடு வீட்டை விட்டுப் போயின. ரப்பர் செருப்புக்குத் திரும்பினார். இரண்டு மாதத்தில், ஒரு களிம்பும் இல்லாமல், பாதம் சுத்தமானது. திருவிழா, கல்யாணத்துக்கு ஒரு நல்ல செருப்பு வேண்டும் என்றார். ஆவாரம்பட்டை போட்டுப் பழைய முறையில் பதனிட்ட தோல் என்று உறுதியாகத் தெரிந்தால் போடலாம் என்றேன். கடைக்காரர்களால் உறுதி சொல்ல முடியவில்லை, அதனால் வாங்கவில்லை. தீக்குச்சி மருந்திலும் பொட்டாசியம் டைகுரோமேட் உண்டு என்று சொன்னதும் பீடிக்கு லைட்டருக்கு மாறினார். பீடியையே விடச் சொன்னேன், அதை விடவில்லை.

இழப்பீடு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் தனியாகவே இடம்பெற்றிருந்தன. அப்போது அந்தச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. நான் சான்றிதழ் எழுதினேன். ஆனால் அட்டவணையில் அது இடம்பெற்ற பகுதியின்படி ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். அவர் ஒரு தளத்தில் இரண்டு மாதம், இன்னொன்றில் மூன்று வாரம் என்று வாழ்நாள் முழுக்க நகர்ந்தவர். இருபத்தைந்து ஆண்டு சிமெண்டைத் தொட்டவருக்கு ஆறு மாதக் கணக்கு காட்ட ஒரு தாள் இல்லை. கேட்டுப் பார்க்கவே ஆளில்லாமல் அது முடிந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பித்து, மகள் படிப்புக்கு உதவித்தொகை வாங்க முடிந்தது. அது மட்டும்தான்.

2020க்குப் பின்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் அவர் கட்டடப் பக்கமே போகவில்லை. பணத்துக்குத் திண்டாடிய அந்த நாள்களில்தான் ஐந்து ஆண்டில் முதல்முறையாக அவர் கை முழுதாக ஆறியது. மேற்பார்வை வேலையிலும் ஏதோ வழியில் சிமெண்டு அவரைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இது சான்று. விசாரித்தால், சரியாகப் பூசியிருக்கிறதா என்று ஈரச் சுவரைத் தடவிப் பார்க்கும் பழக்கம். கை தானாகவே போகிறது என்றார். அன்றிலிருந்து ஒரு குச்சியால் தட்டிப் பார்க்கப் பழகினார்.

2021இல் ஆள் குறைந்த ஒரு கான்கிரீட் நாளில் இறங்கி உதவினார். ஒரே நாள். மூன்று வாரம் படுத்தியது. கடைசியாக 2022இல் பார்த்தபோது வலது கட்டைவிரல் அடியில் கொஞ்சம் தடிப்பு மட்டும் நின்றிருந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை கிளம்புகிறது, டாக்ரோலிமஸில் அடங்குகிறது. ஊசி இல்லை, மருந்துக்கடை டியூப் இல்லை. கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறார்.

மாற்றிக்கொண்டவை

வேலை என்ன என்று இப்போது ஒரு சொல்லில் எழுதுவதில்லை. காலை முதல் மாலைவரை கை எதையெல்லாம் தொடுகிறது, கால் எதில் நிற்கிறது, லீவு நாளில் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். நான்கு நிமிடம் ஆகிறது. நாள்பட்ட கை எக்சிமாவுக்கு மூன்று மாதத்துக்குள் பேட்ச் டெஸ்ட். ஒரு உலோகம் தெரிந்தால், அது வேலையில் மட்டுமா, உடுப்பில், செருப்பில், பையில், வீட்டில் எங்கெல்லாம் இருக்கிறது என்று அன்றே பட்டியல். கையுறை என்று சொன்னால் எந்தப் பொருள், எந்த நீளம், உள்ளே ஈரம் போனால் உடனே கழற்ற வேண்டும் என்பதுவரை சொல்கிறேன். எந்தத் தளம், எந்த மேஸ்திரி, எந்தத் தேதி முதல் எதுவரை என்பதை முதல் வருகையிலேயே சீட்டில் பதிகிறேன். இழப்பீடு கேட்க வேண்டிய நாளில் அந்தச் சீட்டாவது கையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத்தான் அதிகம் தயங்கினேன். அவர் மனைவியும் சித்தாள். அதே தளங்களில் அதே கலவையைத் தலையில் சுமந்தவர். ஒன்றரை ஆண்டு ஒவ்வொரு வருகையிலும் கூடவே வந்தார். ஒருமுறையும் அவர் கையை நான் பார்க்கவில்லை. செருப்பைக் கண்டுபிடித்த அன்று, அந்த வாரைத் தொட்டுக் காட்ட அவர் கை நீட்டியபோதுதான் விரல் நுனிகள் தேய்ந்து புண்ணாகியிருப்பது தெரிந்தது. கால் விரலிடுக்கிலும் புண்.

“ஏம்மா சொல்லல?”

“அவருதுதாங்க பெருசா இருந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் லீவு போட்டா ஆறிடும்.”

அவருக்கும் பேட்ச் டெஸ்ட் செய்தேன். குரோமியம் இல்லை, கோபால்ட் இல்லை, எதுவும் இல்லை. அவருடையது காரத்தால் வந்த புண். ஒரே மூட்டைச் சிமெண்டால் ஒரே வீட்டில் இரண்டு வெவ்வேறு நோய்கள். அவர் வேலையை விட வேண்டியதில்லை. முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கலவை பட்டதும் கழுவ நல்ல தண்ணீர், இரவில் வாசலின். இவ்வளவுதான் சொன்னேன். பூட்ஸை மேஸ்திரி என்ற முறையில் கணவரே எல்லாச் சித்தாள்களுக்கும் வாங்கினார். தளத்தில் கரண்டி கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கை கழுவ மட்டும் என்று ஒரு பச்சை வாளி தனியாக இருக்கிறது. அதில் யாராவது கரண்டியை முக்கினால் அந்த அம்மா சத்தம் போடுகிறாராம்.